போர்மேன் முனியராஜின் பெட்ரோல் ஜீப்

முனியராஜ் வீட்டு ஜீப் கொட்டகைக்குள் நினைத்தபடி நுழைந்துவிட முடியாது. செருப்பை வெளியே விட வேண்டும். செல்போனை வாசலில் தொங்கும் துணிப்பையில் போட வேண்டும். நிலைக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தகடு அறைந்திருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி, உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட, மண்ணுக்குள் இறங்கும். அந்தத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். இவ்வளவும் செய்து முடித்த பிறகு உள்ளே ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், ஐந்தாவது ஆள் வெளியே வேப்பமரத்தடியில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். பெரும்பாலும் அந்த ஐந்தாவது ஆள் நான். இத்தனை வருஷம் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்ததற்குக் கிடைத்த கூலி என்று என் மனைவி பெர்சிஸ் சொல்வாள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைப் பார்த்ததும் புரிந்துவிடும். பட்டாசு ஆலையில் வெடிமருந்து கையாளும் அறைக்கு இதுதான் சட்டம். ஒரு அறைக்கு நாலு பேர். நாலு பக்கமும் வெளியே திறக்கும் கதவு. வாசலில் மணல் வாளி, தண்ணீர் வாளி. உடம்பில் பருத்தித் துணி. கையில் இரும்பு கூடாது, பித்தளை அல்லது மரம். முனியராஜ் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவருடைய அப்பா அந்த நிலத்திலேயே பருத்தி எடுக்கக் கூலிக்குப் போனவர். நிலம் கம்பெனி ஆனதும் மகன் கம்பெனிக்குப் போனார். மருந்து அள்ளுகிற ஆளாகத் தொடங்கி, போர்மேன் ஆகி, இன்று வரைக்கும் அவர் கண் பார்வையில் வேலை நடந்த அறைகளில் ஒருவருக்கு ஒரு விரல்கூடக் கருகியதில்லை. இந்த ஊரில் இதைச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஆட்கள் குறைவு. அவர் சொல்லிக்கொள்வதும் இல்லை. நான்தான் சொல்கிறேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் பெயர் காலேப். மல்லாங்கிணறுக்காரன், இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். என்னிடமும் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. டீசல். அதில்தான் எங்களுக்குள் சண்டை.

முனியராஜின் ஜீப் அவருடைய முதலாளி வீட்டுத் தோட்டத்தில் வேலிக்கருவைக்குள் புதைந்து கிடந்தது. பழைய வில்லிஸ் வகை. முன்பக்கம் சப்பை மூக்கு. கண்ணாடியை மடித்து பானட்டின் மேல் படுக்க வைத்துவிடலாம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஒரு வருஷம் தீபாவளி போனஸ் கொடுக்கும்போது இவர் போய், "எனக்குப் போனஸ் வேண்டாம் மொதலாளி, அந்த இரும்பைக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். முதலாளி சிரித்துக்கொண்டே போனஸையும் கொடுத்து ஜீப்பையும் கொடுத்தார். இழுத்துக்கொண்டு வந்தபோது அதன் பின்பக்கத் தொட்டிக்குள் ஒரு கருவை மரம் முளைத்து நின்றது. தெருவே வேடிக்கை பார்த்தது. பெட்ரோல் டாங்கில் மழைத்தண்ணீர், சீட்டுக்கடியில் கீரிப்பிள்ளைக் குடும்பம்.

அதை அவர் திரும்ப உயிர்ப்பித்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மரையாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பருத்தித் துணியால் துடைத்து, வாழையிலையில் வரிசையாக அடுக்குவார், விருந்துக்குப் பரிமாறுகிற மாதிரி. அடிக்க வேண்டிய இடத்தில் பித்தளைச் சுத்தியல்தான். இரும்பை இரும்பால் தட்டினால் பொறி வரும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. இரும்பு ஸ்பேனரைப் பிடிக்கும்போது மட்டும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார், கசப்பு மருந்து குடிப்பவர் போல. தொட்டிக்குப் பச்சை வண்ணம் அடித்தார். ஹெட்லைட்டுக்கு விருதுநகர் பழைய சாமான் கடைகளை எல்லாம் சலித்து எடுத்தார். கிடைக்காத மரைகளைப் பித்தளையில் கடைந்து போட்டார். அதனால் அந்த ஜீப் வெயிலில் நின்றால் அங்கங்கே மினுங்கும்.

அதை ஸ்டார்ட் செய்வதற்கும் ஒரு சடங்கு உண்டு. சாவியைத் திருப்பினால் போதாது. தரையில் ஒரு பித்தளைக் குமிழ் இருக்கும். அதைக் காலால் அழுத்தினால்தான் இஞ்சின் சுற்றும். முன்னொரு காலத்தில் எவனோ ஒரு புண்ணியவான் அந்தக் குமிழைக் கியர் பெட்டிக்கு இடது பக்கம் மாற்றி வைத்துவிட்டான். அதனால் முனியராஜ் ஒவ்வொரு முறையும் இடது காலை நீட்டிப் பக்கத்து சீட்டின் கீழ் துழாவி அழுத்துவார். "மாத்தி வைங்களேன்" என்றால், "இருந்துட்டுப் போகுது சார், அது அங்கனயே பழகிருச்சு" என்பார்.

மழை பெய்து ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப் வைத்திருக்கிற நாங்கள் சில பேர் வைப்பாற்று அணைக்கு மேற்கே கரிசல் காட்டுக்குப் போவோம். நனைந்த கரிசல் மண் சாதாரண மண் இல்லை. சக்கரத்தைப் பிடித்தால் அப்பிக்கொண்டு சக்கரத்தையே காணாமல் ஆக்கிவிடும். என் டீசல் ஜீப் அதில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறது. முனியராஜ் மட்டும் முதலில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலால் மண்ணை அழுத்திப் பார்ப்பார். பிறகு ஏறி, நாலு சக்கரக் கியரைப் போட்டு, அவசரமே இல்லாமல் உருட்டிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறி நிற்பார். நாள் முழுக்க "மெதுவா, மெதுவா" என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே குரல் தாழ்ந்துபோன மனிதர் அவர். வழி பிடிபட்டுத் திரும்பி வரும்போது அந்தச் சகதிக்குள் மட்டும் ஆக்ஸிலேட்டரை மிதித்து, முகமெல்லாம் சேறு தெறிக்க, வாய்விட்டுச் சிரிப்பார். ஒருமுறை அட்டைப்பெட்டி லோடு ஏற்றி வந்த மினி வேன் ஒன்று காட்டுப் பாதையில் அச்சு வரைக்கும் புதைந்து, டிரைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். முனியராஜ் கயிறு கட்டி இழுத்து ரோட்டில் விட்டுவிட்டு, ஒரு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். அந்த டிரைவர் இன்றைக்கும் ஜீப்பைப் பார்த்தால் கும்பிடுவார், மனிதரைப் பார்த்தால் அடையாளம் தெரியாது.

நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். "போர்மேன், இந்தப் பெட்ரோல் இஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு டீசலைப் போடுங்க. டீசல்ல பிளக் கிடையாது, பொறி கிடையாது. பட்டாசுக் கம்பெனி போர்மேனுக்கு அதுதான் பொருத்தம்."

அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. "நாள் முச்சூடும் பொறி வந்துரக் கூடாதுன்னே பார்த்துக்கிட்டு இருக்கேன் சார். வீட்டுக்கு வந்தா, பொறி வரணும்னு பார்த்துக்கிட்டு இருக்கேன். மனசுக்கு அம்புட்டு நல்லாருக்கு."

இதற்கு மேல் ஒரு மனிதனிடம் என்ன வாதாடுவது?

ஆனால் அந்த இஞ்சினுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்சருக்குள் 'டமார்' என்று வெடிக்கும். எப்போதும் இல்லை. எப்போது என்றும் தெரியாது. நாங்கள் சிரிப்போம். "போர்மேன் வீட்டு ஜீப்பு அப்படித்தான் இருக்கும்" என்று தெருப்பிள்ளைகள் கத்துவார்கள். சிரிக்காதவள் ஒருத்திதான். அவருடைய மனைவி வேல்விழி.

வேல்விழியும் பட்டாசு வேலைக்காரிதான். வேறொரு இடத்தில் திரி சொருகும் வேலை. ஊரிலேயே அவள் கை வேகம் என்று பேர். அங்கே ஒரு நாள் யாரோ ஒரு ஆள் அவசரத்தில் இரும்புச் சட்டியைத் தரையோடு இழுத்தான். அவ்வளவுதான். அவள் கதவு வழியாக வெளியே ஓடிவிட்டாள். ஆனால் எரிகிற தரையை மிதித்துக்கொண்டுதான் ஓட வேண்டியிருந்தது. வலது பாதம் வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெர்சிஸ்தான் அவளுக்கு மாதக்கணக்கில் கட்டு மாற்றினாள். எங்கள் இரண்டு குடும்பமும் ஒன்றானது அப்படித்தான். வேல்விழி எனக்குத் தங்கச்சி ஆனதும் அப்படித்தான்.

பாதம் ஆறியது. தழும்பு இறுகி, விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டன. வீட்டுக்குள் நடப்பாள், கடைக்குப் போவாள். மேடு ஏற முடியாது. அந்த நாளுக்குப் பிறகு அவள் ஒரு தீக்குச்சியைக்கூட உரசவில்லை. காலையில் முனியராஜ் அடுப்பைப் பற்ற வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். தீபாவளி அன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, சன்னல்களை எல்லாம் சாத்தி உட்கார வைத்திருப்பார். பட்டாசு செய்கிற ஊரில் தீபாவளியை ஒளிந்துகொண்டு கழிக்கிற வீடு அவர்களுடையது ஒன்றுதான்.

அவர்களுடைய குலசாமி முனியசாமி. ஊருக்கு வெளியே ஒரு கரட்டின், மொட்டைப் பாறைக் குன்றின் உச்சியில், கூரை இல்லாமல், வெயிலும் மழையும் வாங்கிக்கொண்டு நிற்கிறார். மாசிக் களரிக்கு, அதாவது சிவராத்திரியை ஒட்டி எல்லோரும் குலசாமியைத் தேடிப் போகும் நாளில், அந்த வகையறா மொத்தமும் மேலே ஏறிப் பொங்கல் வைக்கும். விபத்துக்குப் பிறகு வேல்விழி ஏறவில்லை. நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "பொணம் மாதிரி என்னைத் தூக்காதீக" என்று சொல்லிவிட்டாள். ஒவ்வொரு வருஷமும் அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, மேலே எழும் புகையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவாள். மேலே போய்த் தன் சாமியை ஒருதடவை முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும் என்று பெர்சிஸிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

முனியராஜ் அந்த ஜீப்பைக் கேட்டு வாங்கியதே இதற்காகத்தான். மினி லாரிக்குக்கூட முடியாத பாறை ஏற்றம் அது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஏறும். ஆனால் முதல் நாள் இஞ்சின் பிடித்து, அவர் பெருமையாகக் காலை எடுக்க, சைலன்சர் 'டமார்' என்றது. அடுப்படியில் நின்ற வேல்விழி பின்கதவு வழியாக வெளியேறி, காலை இழுத்துக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். "அதுல மட்டும் என்னை ஏறச் சொல்லாதீக" என்றாள். என் டீசலில் மேலே போகலாம் என்று நான் கேட்டதற்கும், "அவுக எனக்காகத் தேத்துன வண்டி கெடக்க, இன்னொரு வண்டியில எப்படிண்ணே ஏறுவேன்?" என்று மறுத்துவிட்டாள். அவர் ஏறச் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தை நிறுத்துவது ஒன்றே வேலை என்று இறங்கினார்.

கார்புரேட்டரைக் கழற்றினார், மாட்டினார். சைலன்சரையே புதிதாகப் போட்டார். ஓட்டைகளை அடைத்தார். ரத்தினசாமி என்று விருதுநகரில் ஒரு மெக்கானிக்; பழைய பெட்ரோல் இஞ்சின் என்றால் இந்த ஜில்லாவில் அவரிடம்தான் போக வேண்டும். அவரிடம் பலமுறை கொண்டுபோனார். ரத்தினசாமி கையில் இருக்கும்போது வண்டி சாதுவாக ஓடும். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் மறுபடி வெடிக்கும். "இந்த வண்டிக்கு உங்க வீட்டைப் பிடிக்கல போர்மேன்" என்று ரத்தினசாமி கையை விரித்துவிட்டார்.

இப்படியே இருந்து, இந்த வருஷம் மாசி நெருங்கியது. ஒரு சாயங்காலம் முனியராஜ் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரவில்லை.

"சார், நீங்க சொன்னதுதான் சரி. டீசல் இஞ்சினுக்குச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிளமை இறக்குறோம்."

எத்தனை வருஷம் நான் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை! சந்தோஷப்பட வேண்டியவன் நான். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மினி லாரியில் டீசல் இஞ்சின் வந்து இறங்கியது. கொட்டகையின் நாலு கதவும் திறந்திருந்தன. உத்தரத்தில் சங்கிலிக் கப்பி தொங்கியது. உள்ளே முனியராஜ், ரத்தினசாமி, லாரி டிரைவர், நான். கணக்கு நாலு. அப்போது வாசலில் வேல்விழி வந்து நின்றாள். அந்தக் கொட்டகைப் பக்கம் அவள் வந்ததை நான் பார்த்ததே இல்லை.

முனியராஜ் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார். அந்த நேரத்திலும் மனிதருக்குச் சட்டம் மறக்கவில்லை பாருங்கள். நான் வெளியே போய் எதிர்க் கதவோரம் நின்றுகொண்டேன்.

வேல்விழி செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை. அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"இந்தப் பொறிக்குத்தான இம்புட்டுப் பாடு? தூக்கிப் போடுறதுக்கு முன்னால ஒருதடவை எனக்குக் காட்டுங்க. எதுக்குப் பயந்தேன்னாவது பார்த்துக்கிடுறேன்."

முனியராஜுக்கு மனசே இல்லை. "வேண்டாம் வேலு" என்றார். அவள் நகரவில்லை. பிறகு அவர் பெட்ரோல் குழாயை மூடி, எல்லாவற்றையும் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டார். ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து இஞ்சின் உடம்பின் மேல் ஒட்டி வைத்தார். ரத்தினசாமி இஞ்சினைச் சுற்றினார். பிளக்கின் நுனியில் சிவப்பாக, மெலிசாக ஒரு பொறி வந்து போனது. கண் சிமிட்டினால் தெரியாது.

வேல்விழி கண்ணைச் சுருக்கினாள். பயத்தில் சுருக்கிய கண் இல்லை அது. வேலைக்காரியின் கண்.

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான்."

"இது என்னங்க, ஒல்லித் திரி மாதிரில்லா இருக்கு. ஒல்லித் திரி போட்டா மருந்து ஒளுங்காப் பிடிக்காது. பாதி எரியும், பாதி சும்மா கெடக்கும். அணைஞ்சு போச்சுன்னு நெனைச்சுக் கிட்டப் போவோம், அப்பந்தான் மிச்சம் வெடிக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

ரத்தினசாமி குனிந்து பிளக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நுனியில் இரண்டு முனைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. ஒரு தாள் நுழையலாம், அவ்வளவுதான். மற்ற பிளக்குகளையும் கழற்றினார். எல்லாம் அப்படியே.

"இதை யாரு நெருக்குனது? ஒவ்வொரு தடவையும் நான் புது பிளக்கு போட்டு, அளவுத் தகடு வச்சுல்லா சரி பண்ணிக் குடுத்து விடுதேன்?"

முனியராஜ் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாந்தான்" என்றார். "வீட்டுக்கு வந்து பார்ப்பேன். பொறி நீளமா, நீலமா வரும். கை தாங்காது ரத்தினசாமி. எதுக்கு இம்புட்டுப் பெரிய பொறின்னு, இந்தச் சுத்தியலால ஒரு தட்டுத் தட்டி உள்ள தள்ளிருவேன். ஆபத்துக் கொறையுதுன்னு நெனைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. பொறியைச் சின்னதாக்கினால் ஆபத்து குறையும் என்று வாழ்க்கை முழுவதும் கற்றுக்கொண்ட கை அது. அந்தக் கை எத்தனை பேரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது! இங்கே அதே கை பொறியை ஒடுக்கி ஒடுக்கி, பெட்ரோலை அரைகுறையாக எரிய விட்டு, மிச்சத்தைச் சைலன்சருக்குள் தள்ளி வெடிக்க வைத்திருக்கிறது. மனைவி பயப்படக்கூடாது என்று அவர் செய்த காரியம்தான் அவளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. வேறு எந்த ஊர்க்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

வேல்விழிதான் முதலில் பேசினாள். "அதுக்கு என்ன அளவோ அந்த அளவு வைங்க."

"பொறி பெருசா வரும் வேலு."

"வரட்டும். நான் எங்கயும் போகல. இங்கனதான் நிக்கேன்."

ரத்தினசாமி அளவுத் தகட்டை முனியராஜ் கையில் கொடுத்தார். தான் வைத்துக் கொடுத்தால் மறுபடி நெருக்கிவிடுவார் என்று தெரிந்துதான் கொடுத்தார். முனியராஜ் ஒவ்வொரு பிளக்காக எடுத்து, முனையை மெல்ல விரித்து, தகட்டை நுழைத்துப் பார்த்தார். முடித்ததும் மறுபடி இஞ்சினைச் சுற்றினார்கள். 'டிக்' என்று சத்தத்தோடு நீலமாக ஒரு பொறி பாய்ந்தது. வேல்விழியின் தோள் ஒருமுறை தூக்கிப் போட்டது. கை செம்புத் தகட்டிலிருந்து எடுபடவில்லை, கால் பின்வாங்கவில்லை. அந்தப் பெண்ணைப் போல ஒரு தைரியசாலியை நான் பார்த்ததில்லை. இதை அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

டீசல் இஞ்சின் வந்த லாரியிலேயே திரும்பிப் போனது. அதை வழியனுப்ப நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

அதன் பிறகு முனியராஜ் தினமும் வேலை முடிந்து வந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு தெருவில் மேலும் கீழும் ஓட்டினார். வீட்டுக்கு நேராக வரும்போது வேண்டுமென்றே காலை எடுப்பார். சத்தம் வரவில்லை. ஜீப் சும்மா உறுமிக்கொண்டு போகும். வேல்விழி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். தலை நிமிர மாட்டாள். ஆனால் ஜீப் கடந்து போகும் வரைக்கும் அவள் கை கீரையைத் தொடாது. "ஏறுவியா?" என்று பெர்சிஸ் கேட்டதற்கு, "அன்னைக்குப் பார்ப்போம்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

மாசிக் களரி அன்று வெயில் தாழ, கரட்டின் அடிவாரத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. ஆடுகள், சேவல்கள், பொங்கல் பானைகள், மேளம். முனியராஜ் ஜீப்பைப் புளியமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினார். வேல்விழி மரத்தைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி மரத்தடியில் விட்டுவிட்டு, இடது பக்கம் சுற்றி வந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். முனியராஜ் இடது காலை அவள் பக்கம் நீட்டிக் குமிழை அழுத்தினார்.

அவர்கள் ஜீப் முன்னே போக, பானைகளையும் விறகையும் பெர்சிஸையும் ஏற்றிக்கொண்டு என் டீசல் பின்னே போனது. பாதை என்று சொல்வதெல்லாம் மரியாதைக்கு. மண் கொஞ்ச தூரம். அப்புறம் வழுக்குப் பாறை. முனியராஜ் தாழ்ந்த கியரில் நாலு சக்கரத்தையும் பிணைத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் இடம் பார்த்து வைத்து ஏற்றினார். நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்; பச்சைத் தொட்டிக்கு மேலே வேல்விழியின் கொண்டைப் பூ மட்டும் ஆடிக்கொண்டு தெரிந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இருப்பதிலேயே செங்குத்தான இடத்தில், மேலேயிருந்து ஒரு கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்து நேராக ஜீப்பின் முன்னால் நின்றது. முனியராஜ் பிரேக்கை மிதித்தார். ஜீப் நின்றது, இஞ்சினும் நின்றது.

அந்த ஜீப்பின் கைப்பிரேக் சமதளத்துக்கே சுமார்தான். இந்தச் சரிவில் பிடிக்காது. ஒரு கால் பிரேக்கில், ஒரு கால் கிளச்சில். ஸ்டார்ட் செய்யவும் கால்தான் வேண்டும். மூன்றாவது காலுக்கு அவர் எங்கே போவார்? நான் என் வண்டியை ஓரமாகப் பாறை இடுக்கில் ஒதுக்கி நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். மேளக்காரர்கள் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கல்லைத் தூக்கிக்கொண்டு ஜீப்பின் பின்னால் போகப் பார்த்தார்கள்.

"யாரும் பின்னால வராதீக!" முனியராஜின் குரல். கம்பெனியில் கேட்டுப் பழகியவர்கள் பாதிப் பேர். கல்லோடு அப்படியே விலகி நின்றுவிட்டார்கள். "வேலு, நீ மெள்ள எறங்கிரு. சார் பிடிச்சுக்கிடுவாக."

நான் அவள் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் என் கையைப் பார்க்கவே இல்லை. தன் காலடியில் இருந்த பித்தளைக் குமிழைப் பார்த்தாள்.

"இதத்தான அமுக்கணும்?"

"வேண்டாம் வேலு, எறங்கு."

"இதத்தானன்னு கேக்கேன்."

"அதுதான்."

"அமுக்குனா பொறி வரும்லா?"

"வரும்."

"பெருசாவா?"

முனியராஜ் பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தார். "பெருசாத்தான்" என்றார்.

வேல்விழி வலது உள்ளங்கையை ஜீப்பின் இரும்பின் மேல் வைத்து எடுத்தாள். மருந்து அறைக்குள் நுழைவதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் செய்த அதே மாதிரி. பிறகு அந்தத் தழும்புப் பாதத்தை, விரல் மடங்கிய வலது பாதத்தை, குமிழின் மேல் வைத்து அழுத்தினாள். இஞ்சின் முனகியது. அவள் காலை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, இன்னும் அழுத்தினாள். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

முனியராஜ் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். நாலு சக்கரமும் பாறையைக் கவ்வ, ஜீப் என்னைத் தாண்டி மேலே போனது. உச்சியில் ஏறி அவர் காலை எடுத்தபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஒரு சத்தமும் இல்லை. நான் அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதேன். பெர்சிஸ் பார்த்துவிட்டாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வேல்விழி முனியசாமிக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். என்ன கேட்டாள் என்று எங்களுக்குத் தெரியாது. பொங்கல் பொங்கி, குலவை போட்டு, ஆளுக்கொரு இலையில் வாங்கிச் சாப்பிட்டு முடித்தோம். முனியராஜ் சாப்பிட்டுக்கொண்டே ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்பைவிட அதிகமாக மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே இறங்கலாம் என்று கிளம்பினோம். முனியராஜ் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பழக்கத்தில் இடது கால் தானாகப் பக்கத்து சீட்டுப் பக்கம் நீண்டது. வேல்விழி அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"காலை எடுங்க. இது எனக்குள்ளது."

அவர் காலை எடுத்துக்கொண்டார்.